வருஷக்கணக்கில் பொறுமை, ஒரே வாரத்தில் முடிவு

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால், அம்மன் பச்சைப்பட்டினி இருக்கும் அந்த 28 நாளும் திருச்சிக்கு மஞ்சள் நிறம்தான். எடமலைப்பட்டி புதூரிலிருந்தும் தெருத் தெருவாகக் கூட்டு சேர்ந்து, ஜங்ஷன் வழியாக, காவிரியும் கொள்ளிடமும் தாண்டி நடக்கிறார்கள். நடக்கும் நாளைக் குறிக்கும்போதே பெண்கள் இன்னொரு கணக்கையும் போட்டுவிடுகிறார்கள். சமையலறைக் காலண்டரில் வட்டமிட்ட தேதி முன்னே பின்னே ஆகிவிட்டால்? மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் ‘தள்ளிப்போடுற மாத்திரை’ என்று சொன்னால் போதும், கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

அதே கடையில் அதே தாழ்ந்த குரலில் கேட்கப்படும் இன்னொரு மாத்திரை உண்டு. ‘நிக்கிற மாத்திரை.’ இதைக் கேட்பவருக்குக் கோயில் ஞாபகம் இல்லை. பத்து நாளாகியும் போக்கு நின்றபாடில்லை. போன மாதமும் வாங்கினார், அதற்கு முந்தின மாதமும் வாங்கினார். டாக்டர் சீட்டு கிடையாது. இப்படியே சில வருஷம் ஓட்டிவிட்டு, ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, ஸ்கேன் எடுக்கப் போய், ‘கர்ப்பப்பையில் கட்டி’ என்று காதில் விழுந்த அடுத்த வாரமே ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடுகிற பெண்கள் நம் உறவிலும் தெருவிலும் இருக்கிறார்கள். வருஷக்கணக்கில் பொறுத்தவர்கள், யோசிப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வதில்லை. ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்திருக்கிறோம், உட்கார்ந்து பேச வேண்டிய நேரத்தில் ஓடுகிறோம்.

கர்ப்பப்பை நார்த்திசுக் கட்டி, அதாவது ஃபைப்ராய்டு, மிகச் சாதாரணமான ஒன்று. அமெரிக்காவில் ஸ்கேன் வைத்துச் செய்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, 50 வயதுக்குள் வெள்ளையினப் பெண்களில் ஏறத்தாழ 70 சதவீதம் பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்கும் இந்தக் கட்டி இருந்திருக்கும் என்று கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் பலருக்கு இல்லை. யாருக்குத் தொந்தரவு தருகிறதோ, அவர்கள்தான் நம் அக்கறைக்குரியவர்கள். அவர்கள்தான் நாள் கடத்துகிறவர்களும்.

எவ்வளவு போனால் அதிகம்? ஒரு மாதவிலக்கு முழுவதற்கும் சேர்த்து வழக்கமாக 30 முதல் 40 மில்லி ரத்தம்தான் வெளியேறும். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம் என்று மருத்துவம் வைத்திருக்கிறது. வீட்டில் யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை. ஆகவே வேறு அடையாளங்களைப் பாருங்கள். மணிக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைக்க வேண்டியிருக்கிறதா? ராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருக்கிறதா? ஏழு நாளைத் தாண்டியும் நீள்கிறதா? பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகக் கட்டி கட்டியாக விழுகிறதா? இவற்றில் ஒன்று மாதாமாதம் நடந்தாலும் அது டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது, அக்காவுக்கும் அப்படித்தான் என்றால், அது குடும்ப வழக்கம் என்று விட்டுவிட முடியாது. இந்தக் கட்டி குடும்பத்தில் தொடர்ந்து வருவதுண்டு. அம்மாவும் அக்காவும் ஸ்கேன் பார்க்காமலே காலம் தள்ளியிருக்கலாம்.

என்.எஸ்.பி. ரோடு, சின்னக்கடை வீதி ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்று சேலை பிரித்துக் காட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நல்ல சட்டம். ஆனால் மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டியவருக்கு ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்பதே பெரும்பாடு. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள், அடர்நிறச் சேலையாகப் பார்த்துக் கட்டுகிறார்கள், அந்த மூன்று நாளுக்குச் சம்பளத்தை விட்டு லீவு போடுகிறார்கள். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒரு பெண் தனியாகச் செய்துகொண்டு, ‘எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று சொல்லிவிடுகிறாள். வீட்டில் இருப்பவர்களும் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

போகிற ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதம் 200 மில்லி இழக்கும் பெண்ணுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் இரும்பு கைவிட்டுப் போகிறது. நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சிக்கொள்ளும். முப்பது நாளும் சேர்த்தால்கூட அறுபதைத் தாண்டாது. அதிலும் பாதி, உடம்பின் அன்றாடத் தேய்மானத்துக்கே சரியாகிவிடும். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் பீட்ரூட்டும் ஏன் போதவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில். கீரையைக் குறை சொல்லவில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் போக்கை நிறுத்தாமல் கீரையைக் கூட்டிக்கொண்டே போவதால் பள்ளம் நிரம்பாது.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்குக் காரணங்கள் பல. கவனிக்கப்படாத மாதவிலக்குப் போக்கு அவற்றில் முக்கியமான ஒன்று. நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, முடி கொட்டுகிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறது. சிலருக்குப் பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாம்பல் என்று விநோதமான பண்டங்கள் மேல் ஆசை வரும். பச்சரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்ணிடம் ‘உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப்போகுது’ என்று வீட்டில் கேலி செய்வார்கள். கேலி இருக்கட்டும், ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனையும் செய்துவிடுங்கள். 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 8க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை.

இனி அந்தக் கட்டிக்கு வருவோம். கர்ப்பப்பையின் சுவர் தசையால் ஆனது. அந்தத் தசையில் ஒரே ஒரு செல் தடம் மாறிப் பெருகத் தொடங்கி, நாரும் தசையுமாகத் திரண்டு உருண்டையாகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் 2011இல், இந்தக் கட்டிகளில் சுமார் 70 சதவீதத்தில் ‘மெட்-12’ என்ற ஒரே மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும்தான் இதற்குத் தீனி. அதனால்தான் வயதுக்கு வருமுன் இது வருவதில்லை. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. சின்ன வயதிலேயே வயதுக்கு வந்தவர்கள், குழந்தை பெறாதவர்கள், உடல் எடை கூடியவர்கள், அம்மாவுக்கோ சகோதரிக்கோ கட்டி இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல்.

இது புற்றுநோயா என்பதுதான் எல்லாருடைய முதல் பயமும். இல்லை. நார்த்திசுக் கட்டி புற்றுநோய்க் கட்டி அல்ல. அது புற்றுநோயாக மாறுவதாகவும் மருத்துவம் கருதுவதில்லை. மிக அரிதாக, ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுத்தது சார்கோமா என்ற வேறு வகைப் புற்றாக இருந்துவிடுவதுண்டு. மாதவிலக்கு நின்ற பிறகும் கட்டி வளர்ந்தால், அல்லது நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டால்கூட, அன்றைக்கே டாக்டரைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அந்த விஷயத்தில் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது.

ஸ்கேன் சென்டரிலிருந்து வெளியே வரும் பெண்ணின் கையில் ஒரு கவர் இருக்கும். அதைப் பிரித்ததும் கண்ணில் படுவது ‘பல்க்கி யூட்ரஸ்’ என்ற வரி, பிறகு 4 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு. அந்த எண்ணைப் பார்த்தே பாதிப் பேருக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ‘சப்-மியூகோசல்’ என்றால் கட்டி கர்ப்பப்பையின் உட்குழியை நோக்கிப் புடைத்திருக்கிறது. ‘இன்ட்ரா-மியூரல்’ என்றால் சுவருக்குள் புதைந்திருக்கிறது. ‘சப்-சீரோசல்’ என்றால் வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. மலைக்கோட்டை இத்தனை பெரிய பாறை, ஊர் நடுவே நின்று யாரையும் ஒன்றும் செய்வதில்லை. செருப்புக்குள் புகுந்த ஒரு சின்னக் கல் நம்மை நடக்க விடாது. உட்குழியில் இருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி ஒரு பெண்ணை ரத்தசோகையில் படுக்கப் போடும். வெளிப்புறத்தில் இருக்கும் ஆறு சென்டிமீட்டர் கட்டி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும்.

வெளிப்புறக் கட்டி ரொம்பப் பெரிதானால் அக்கம்பக்கத்தை அழுத்தும். முன்னால் மூத்திரப்பை: அடிக்கடி போக வேண்டியிருக்கும், பஸ்ஸில் நெடுந்தூரம் போகப் பயம் வரும். பின்னால் மலக்குடல்: மலச்சிக்கல். இடுப்பு வலி, அடிவயிற்றில் கனம், தாம்பத்யத்தில் வலி. ‘வயிறு போட்டுடுச்சு’ என்று நடைப்பயிற்சியைக் கூட்டிக்கொண்டிருந்தவருக்கு, வயிற்றுக்குள் ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குக் கட்டி இருந்தது தெரிய வரும்போது வீடே திகைத்துப்போகும். டாக்டர்களும் கர்ப்ப வாரக் கணக்கில்தான் சொல்வார்கள், ‘பதினாலு வார சைஸ்’ என்று. அதைக் கேட்டுக் கர்ப்பமோ என்று குழம்ப வேண்டாம்.

திருமணமாகாத பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இவர்கள் விஷயத்தில்தான் மௌனம் மிக அதிகம். டி.வி.எஸ். எனப்படும் பிறப்புறுப்பு வழி ஸ்கேனுக்குப் பயந்து அம்மாமார்கள் மகளை அழைத்துப்போவதே இல்லை. தண்ணீர் குடித்து, சிறுநீர்ப்பை நிறைந்தபின் வயிற்றின் மேலேயே ஸ்கேன் எடுக்கலாம். எந்த டாக்டரிடமும் இதைக் கேட்கலாம். ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று சொல்லி அனுப்பும் பெரியவர்களே, கல்யாணத்துக்கும் கட்டிக்கும் சம்பந்தம் கிடையாது. வரன் பார்க்கும் நேரத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பீரோவுக்குள் பூட்டி வைப்பதால் அந்தப் பெண் இழப்பது, கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைக் காப்பாற்றும் நல்ல வருஷங்களை.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வேறொரு சமாதானம் சொல்லப்படுகிறது. நிற்கப்போகும் முன் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிற்கும் என்பார்கள். இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதை நெருங்கும்போது நாள் தள்ளிப்போகலாம், குறையலாம். ஆறாகப் பெருகுவது இயல்பு அல்ல. 40, 45 வயதுக்கு மேல் புதிதாகப் போக்கு அதிகமானால், கட்டி இருக்கிறதோ இல்லையோ, கர்ப்பப்பையின் உள்சவ்விலிருந்து சிறு திசு எடுத்துப் பரிசோதிப்பது அவசியம். ஸ்கேனில் ஒரு ஃபைப்ராய்டு தெரிந்ததும் பழி முழுவதையும் அதன் தலையில் போட்டுவிட்டு மற்றதைத் தேடாமல் விடுவது தவறு. தைராய்டு கோளாறு இருக்கலாம், ரத்தம் உறைவதில் குறை இருக்கலாம், உள்சவ்வு தடித்திருக்கலாம்.

பிராய்லர் கோழியால்தான் கட்டி வருகிறது என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. கறிக்கோழி சீக்கிரம் வளர்வது இனத்தேர்வாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் அல்ல. வாழைப்பூச் சாறு கட்டியைக் கரைக்கும் என்பதும் அப்படித்தான். காவிரிக்கரையில் வாழைப்பூவுக்குப் பஞ்சமில்லை, பொரியலாகச் சாப்பிட நல்லது, கட்டியை அது கரைக்காது. உடம்புச் சூடு, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் என்று சொல்லப்படும் மற்றக் காரணங்களுக்கும் ஆதாரமில்லை.

சிகிச்சை என்றால் முதலில் வருவது, ஒன்றும் செய்யாமல் கவனித்துக்கொண்டிருப்பது. தொந்தரவு தராத கட்டிக்கு வைத்தியம் தேவையில்லை. ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி ஸ்கேன் பார்த்தால் போதும். வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்த கட்டிக்காக ஆபரேஷன் செய்துகொள்வது வேண்டாத வேலை என்றே நான் அழுத்திச் சொல்வேன்.

போக்கு அதிகம் என்றால் மாத்திரைகள் உண்டு. கடையில் ‘நிக்கிற மாத்திரை’ என்று வாங்குவது பெரும்பாலும் டிரனெக்ஸாமிக் அமிலம், சில சமயம் மெஃபனாமிக் அமிலமும் சேர்ந்தது. நல்ல மருந்துதான். போக்குள்ள நாட்களில் மட்டும் சாப்பிட்டால் போக்கைக் கணிசமாகக் குறைக்கும். ஆனால் கால் நரம்பிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு ஆபத்து. கட்டியை அது தொடுவதும் இல்லை. தானாக வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குவதால், ஸ்கேன் பார்க்க வேண்டிய நேரம்தான் தள்ளிப்போகிறது. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் ‘சஹேலி’ என்ற பெயரில் வந்த ஆர்மிலாக்ஸிஃபின், 2016இலிருந்து ‘சாயா’ என்று அரசுக் குடும்பநலத் திட்டத்திலும் தரப்படுகிறது. கருத்தடைக்காக வந்த இந்த மாத்திரையை அதிகப் போக்குக்கும் இங்குள்ள டாக்டர்கள் எழுதுகிறார்கள். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் வளையம், கட்டி உட்குழியின் வடிவத்தைக் கெடுக்காதவரை, பல வருஷத்துக்குப் போக்கை வெகுவாகக் குறைத்துவிடும். மாதவிலக்கு நிற்க இரண்டு மூன்று வருஷம்தான் பாக்கி என்றால், இந்த வளையமே ஆபரேஷன் இல்லாமல் கரை சேர்த்துவிடக்கூடும். கட்டியைச் சுருக்கும் ஊசிகளும் உண்டு. அவை எலும்பைப் பலவீனமாக்கும் என்பதால் சில மாதங்களுக்கு மட்டும், பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னால் தருவார்கள்.

இவற்றோடு இரும்புச்சத்தையும் ஏற்றியாக வேண்டும். இரும்பு மாத்திரையை காபி, டீ, பாலோடு சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் இருந்தால் நன்றாக ஒட்டும். தினமும் சாப்பிட்டு வயிற்றைப் புரட்டுகிறது என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்படிச் சாப்பிடும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடம்பு கூடுதலாக உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ரத்தசோகை கடுமையாக இருந்தால் நரம்பு வழியாக இரும்பை ஏற்றலாம். ஹீமோகுளோபினை உயர்த்திக்கொண்டு ஆபரேஷனுக்குப் போவது, ரத்தம் ஏற்றிக்கொண்டு அவசரமாகப் போவதைவிட எவ்வளவோ பாதுகாப்பு.

மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால் அறுவை சிகிச்சை. அதிலும் பல படிகள் உண்டு. உட்குழிக் கட்டியை வயிற்றைக் கீறாமல், பிறப்புறுப்பு வழியாகக் குழாய்க் கேமரா விட்டே சீவி எடுத்துவிடலாம், அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். மற்றக் கட்டிகளை லேப்ராஸ்கோப்பியிலோ வயிற்றைத் திறந்தோ எடுத்துவிட்டுக் கர்ப்பப்பையைத் தைத்துவிடலாம். இதற்கு மயோமெக்டமி என்று பெயர். லண்டனில் விக்டர் பானி என்றொரு மகப்பேறு அறுவை நிபுணர் இருந்தார், 1872இல் பிறந்து 1953இல் மறைந்தவர். அவருடைய மனைவிக்கு இளவயதிலேயே ஃபைப்ராய்டுக்காகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. கட்டிக்காகக் கர்ப்பப்பையையே எடுப்பது வழக்கமாக இருந்த அந்தக் காலத்தில், கட்டியை மட்டும் எடுக்கும் முறையைச் சீர்ப்படுத்தி ஊரறியச் செய்தவர் அவர்தான். ஒரே கர்ப்பப்பையிலிருந்து 225 கட்டிகளை எடுத்துவிட்டு அந்தக் கர்ப்பப்பையைக் காப்பாற்றியிருக்கிறார். நூறாண்டுக்கு முன் செய்ய முடிந்த ஒன்றை, இன்று ஒரு 32 வயதுப் பெண்ணிடம் ‘முடியாதும்மா, எடுத்துத்தான் ஆகணும்’ என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். திரும்பவும் கட்டி முளைக்க வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ரத்தக் குழாயை அடைக்கும் முறையும் உண்டு. பாரிஸில் ழாக் ரவினா குழுவினர் 1995இல் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் ரத்தத்தை நுண்துகள்களால் தடுத்துவிடுவார்கள். கட்டி பட்டினி கிடந்து சுருங்கும். கதிரியக்கப் பிரிவில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் செய்யும் இந்தச் சிகிச்சை எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதைப் பொதுவாகப் பரிந்துரைப்பதும் இல்லை. ஆனாலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று நோயாளிக்குச் சொல்லப்பட வேண்டும்.

குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உட்குழியைப் பாதிக்கும் கட்டியை எடுத்தால் கரு தங்கும் வாய்ப்பு கூடுகிறது. வெளிப்புறக் கட்டி குழந்தைப்பேற்றைத் தடுப்பதில்லை, அதை எடுப்பதால் பலனும் இல்லை. கட்டியோடு கருத்தரித்து நல்லபடியாகப் பெற்றவர்கள் ஏராளம்.

கடைசிப் படிதான் கர்ப்பப்பையை எடுப்பது. அது தவறான சிகிச்சை அல்ல. குழந்தைகள் போதும் என்று முடிவு செய்தபின், மருந்துகள் கைகொடுக்காமல், ரத்தசோகையிலும் வலியிலும் தவித்த பெண்ணுக்கு அது மறுவாழ்வு தந்திருக்கிறது. அந்தப் பெண்களின் நிம்மதியை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். என் ஆதங்கம், அது முதல் படியாகவும் ஒரே படியாகவும் முன்வைக்கப்படுவதைப் பற்றித்தான். 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். ஆந்திரத்தில் 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் நிறைந்த ஊர்களில், மூன்றே ஆண்டுகளில் தனியார் மருத்துவமனைகளில் 4,605 கர்ப்பப்பைகள் அகற்றப்பட்டதாக 2019இல் அந்த மாநில அரசே சட்டமன்ற மேலவையில் சொன்னது. ராஜஸ்தான், பிகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் நடந்தவற்றை முன்வைத்து டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றம் போனார். மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 2023 ஏப்ரல் 5ஆம் தேதி, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, மாநிலங்கள் எல்லாம் மூன்று மாதத்துக்குள் அவற்றை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது.

இதைவிட முக்கியமாக ஒவ்வொரு பெண்ணும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது சமீரா கோலி வழக்கு. 1995 மே மாதம் டெல்லியில், 44 வயதான, திருமணமாகாத சமீரா கோலி, நாள் கடந்தும் நிற்காத போக்குக்காக மருத்துவரிடம் போனார். என்ன கோளாறு என்று லேப்ராஸ்கோப்பியில் பார்ப்பதற்காக மயக்கமருந்து கொடுத்தார்கள். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே, வெளியே காத்திருந்த அவருடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் அவருடைய புகாரைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16ஆம் தேதி அந்தத் தீர்ப்பை மாற்றியது. சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாய் சம்மதம் தர முடியாது, பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவர் கட்டணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், 25,000 ரூபாய் இழப்பீடும் தர வேண்டும் என்று உத்தரவானது. தொகை சிறியது. ஆனால் அன்றிலிருந்து நாட்டின் ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டருக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும். நம் வீடுகளில் இன்னமும் கணவரும் மாமியாரும் அண்ணனும் பேசி முடிவெடுத்துவிட்டு, கடைசியில் பெண்ணிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். உடம்பு அவளுடையது, சம்மதமும் அவளுடையது.

‘கர்ப்பப்பையோட சேர்த்து ஓவரியையும் எடுத்துட்டா பின்னாடி பயமில்லை’ என்று சொல்லப்பட்டால் தயங்காமல் ஏன் என்று கேளுங்கள். மாதவிலக்கு நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால், அடுத்த நாளே உடம்பு மாதவிலக்கு நின்ற நிலைக்குப் போய்விடும். உடம்பு தகிக்கும், தூக்கம் கெடும், எலும்பு தேயும், இதய நோய் வாய்ப்பு கூடும். சினைப்பை ஆரோக்கியமாக இருந்தால் அதை விட்டு வைப்பதே வழக்கமாக இருக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி என்றால் கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள் என்றும் கேளுங்கள். வயிற்றுக்குள்ளேயே இயந்திரத்தால் அரைத்து எடுக்கும் முறையில், ஒளிந்திருக்கும் சார்கோமா செல்கள் சிதறிவிடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்தது. ஃபைப்ராய்டு என்று நினைத்து ஆபரேஷன் செய்யப்படுபவர்களில் 350 பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கலாம் என்பது அதன் கணக்கு. அப்படிப் பாதிக்கப்பட்டவர் பாஸ்டனின் மயக்கவியல் மருத்துவர் ஏமி ரீட். இந்த முறைக்கு எதிராகக் கடைசிவரை போராடி, 2017இல் மறைந்தார். பைக்குள் வைத்துப் பாதுகாப்பாக எடுக்கும் முறை இப்போது இருக்கிறது.

எடமலைப்பட்டி புதூர்க்காரர்கள் இதற்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ உடனே ஓட வேண்டியதில்லை. ஹீமோகுளோபின் பார்க்கவும் இரும்பு மாத்திரை வாங்கவும் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். அதற்கு மேல் என்றால் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. காவிரிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையும் உண்டு. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். ரயில்வே குடும்பங்களுக்குப் பொன்மலை ரயில்வே மருத்துவமனை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். எந்த ஆபரேஷனுக்கு எந்த மருத்துவமனையில் காப்பீடு செல்லும் என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காப்பீடு இருக்கிறது என்பதற்காக ஆபரேஷனை ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆபரேஷன் தேவை என்று உறுதியானபின் காப்பீட்டைத் தேடுங்கள்.

போகும்போது மூன்று மாதத் தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள்: என்றைக்கு ஆரம்பித்தது, என்றைக்கு நின்றது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கூச்சத்தில் மறந்துபோவது இதுதான். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, என் தொந்தரவுக்கு அதுதான் காரணம் என்று எப்படித் தெரியும், மருந்தோடு ஆறு மாதம் காத்திருந்தால் என்ன ஆகும், கட்டியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் ஃபைலை வாங்கிக்கொண்டு இன்னொருவரைப் பாருங்கள். ஃபைப்ராய்டு ஆபரேஷனில் இரண்டு வாரம் தள்ளிப்போவதால் கெட்டுப்போவது அநேகமாக எதுவுமில்லை. விதிவிலக்கு, தலைசுற்றி விழும் அளவுக்குப் போக்கு, தாங்க முடியாத திடீர் வயிற்றுவலி, சிறுநீர் அடைத்துப்போவது. அப்போது 108க்குக் கூப்பிடுங்கள்.

ஆபரேஷன் ஆகிவிட்டால், எடுத்த கட்டியோ கர்ப்பப்பையோ திசுப் பரிசோதனைக்குப் போயிருக்கிறதா என்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். தையல் பிரிக்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு சேர்த்து வையுங்கள். கர்ப்பப்பையோடு சினைப்பையும் எடுக்கப்பட்டதா, கர்ப்பப்பை வாய் இருக்கிறதா இல்லையா என்பதை அந்தத் தாளில் தேடிப் படித்து, புரியாவிட்டால் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஏதோ நோய்க்காக வேறு ஒரு டாக்டர் கேட்கும்போது, ‘என்ன எடுத்தாங்கன்னு தெரியலை டாக்டர்’ என்று சொல்லும் நிலை வரக்கூடாது. உங்கள் மகளுக்கும் அந்தத் தாள் தேவைப்படும், அவளிடமும் காட்டுங்கள்.